பின்சீட்டு வளை

எங்க தெருவுக்கு எப்பவாவது வந்தீங்கன்னா ரெண்டு விசயம் கண்ணுல படும். ஒண்ணு, இங்க யாரும் விடலைத் தேங்காய் போடுறதில்ல. புதுக் கார் வாங்கினாலும் சரி, பொண்ணை வழியனுப்பினாலும் சரி, தேங்காயை நடுரோட்டுல ஓங்கி அடிச்சுச் செதற விடாம, வீட்டுக்குள்ளயே வச்சு அருவா முதுகால மெல்லத் தட்டி ரெண்டாப் பொளந்து சாமிக்கு வச்சு எடுத்துக்குவோம். இன்னொண்ணு, சாயங்காலம் நாலுல இருந்து நாலரை வரைக்கும் இந்தத் தெருவுல சத்தமே இருக்காது. மீன்காரரு வண்டியை அமத்தி இறங்கித் தள்ளிட்டுப் போவாரு, ரபீக்கு பட்டறையில சுத்தியல் கீழ கிடக்கும், என் தையல் மிசினும் நிக்கும். புதுசா வர்ற ஆளுக "என்னக்கா, எழவு வீடா?"ன்னு கேப்பாக. எழவும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு முயலைக் கார்ல வச்சு ஓசூருக்குக் கொண்டுபோய் விட்டோம், அவ்வளவுதான். அன்னிக்குக் கார் முன்னாடி தேங்காயை உடைச்சது நான்தான், அதனால நானே சொல்லிடுறேன். வேற யாரையும் சொல்ல விட்டா என்னை இன்னும் ரெண்டு பங்கு கெட்டவளாக்கித்தான் சொல்லுவாக.

எம் பேரு முத்திருளாயி. அருப்புக்கோட்டையில பாவடித் தெருன்னு கேட்டு வந்து, ரவிக்கை தைக்கிற இருளாயின்னா யாரும் கை காட்டுவாக. எங்க வீட்டுக்காரரு போயி ஒன்பது வருசமாச்சு, புள்ளை குட்டி கிடையாது, பேச்சுத்துணைக்கு மிசினுதான். எதுத்த வீட்டுல சுந்தரமகாலிங்கம். தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுற தம்பி. எரிஞ்சுபோன மோட்டாரைப் பிரிச்சு, கருகின கம்பியை உருவிப் போட்டுட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுத்துச் சுத்தா எண்ணி ஏத்துற வேலை அது. எண்ணிக்கை தப்பிடக் கூடாதுன்னு பேசாமயே வேலை பாத்து, பேசாமயே சாப்பிட்டு, பேசாமயே படுத்து எந்திரிச்சு, அந்தத் தம்பிக்குப் பேச்சுங்கிறதே மறந்துபோச்சு. மூணு வருசத்துக்கு முந்தி அதோட சம்சாரம் கௌசல்யா, சண்டை சத்தம் எதுவும் இல்லாம, "இந்த வீட்டுல சுவத்துக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்குக்கா"ன்னு என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு, எட்டு வயசு மக இலக்கியாவைக் கூட்டிக்கிட்டு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போயிருச்சு. போன எடத்துல வீட்டுக்காரங்க முயலு கிளியெல்லாம் கூடாதுன்னுட்டாகளாம். அதனால புள்ளையோட முயல் மட்டும் அப்பன்கிட்டயே தங்கிருச்சு. வெள்ளை வெளேர்னு இருக்கும், புள்ளை அதுக்குச் சீனிச்சேவுன்னு பேரு வச்சிருந்துச்சு, நாங்க சீனின்னு கூப்பிடுவோம்.

போன சித்திரையில ஒரு நாள், ரெண்டு கையும் கம்பியில மாட்டியிருந்ததால தம்பி போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சிருந்துச்சு. நான் சும்மாதான் போயிருந்தேன், சீனிக்கு முள்ளங்கித் தழை குடுக்க.

"அப்பா, அம்மா புது வீடு பாத்துட்டாங்க. இங்க முயல் வளக்கலாமாம். சீனியைக் கொண்டாந்து விடுறீங்களா?"

"வர்றேம்மா."

"ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள வரணும்."

"வர்றேம்மா."

அப்புறம் அந்தப் புள்ளை, பெரிய மனுசி கணக்கா நிதானமாச் சொல்லுச்சு: "இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா சீனி செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிறேன்ப்பா. திரும்பக் கேக்க மாட்டேன்."

நான் முள்ளங்கித் தழையை அப்படியே கீழ வச்சுட்டேன். ஏன்னா அந்தத் தம்பி இதுக்கு முன்னாடி மூணு தடவை வர்றேன்னு சொல்லி ஏமாத்தியிருக்கு. புள்ளையோட பொறந்தநாளுக்கு ஒருக்கா, ஆண்டுவிழாவுல ஆடுதுன்னு ஒருக்கா, டெங்கு வந்து படுத்திருந்தப்ப ஒருக்கா. மூணு தடவையும் கெளம்பாம இருக்கல. சட்டை தேச்சுப் போட்டு, பழைய வெள்ளைக் காரை எடுத்துக்கிட்டு, மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம்னு கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு, அங்க ஒரு புளியமரத்தடியில நின்னு, போயி என்ன பேசுறதுன்னு தெரியாம அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துரும். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல, என்கிட்ட மட்டும் ஒருக்கா சொல்லுச்சு. புள்ளைக்கு இது எங்க தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது அப்பா வரலைங்கிறது மட்டும்தான். இனி சீனியும் போய்ச் சேரலைன்னா, அந்தப் புள்ளை இந்த மனுசனைக் கணக்குலயே வைக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு, தம்பிக்கும் தெரிஞ்சுச்சு.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாக. முயலுக்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாத்தான் கழிக்கும், அதனால விடியக்காலம் கெளம்பணும். கூடையில பழகின துண்டையே விரிக்கணும், அது தின்னு பழகின புல்லையே வைக்கணும், மேல ஈரத்துணி போத்தணும், கூடையைப் பின்சீட்டுல பெல்ட்டுப் போட்டு இறுக்கணும். காதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, பின்னங்காலுக்கு அடியில கை குடுத்துத் தூக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தித் தண்ணி காட்டணும். கடைசி வரிக்குக் கீழ ரெண்டு கோடு இழுத்திருந்தாக: சத்தம் ஆகாது, பயந்த முயலுக்கு நெஞ்சு நின்னுபோகும். எல்லாத்தையும் நாங்க படிச்சோம், அந்தக் கடைசி வரியையும் சேத்துத்தான் படிச்சோம்.

ஆனா என் புத்தி இருக்கே, அதைச் செருப்பால அடிக்கணும். மூணு தடவை திரும்பி வந்த வண்டியாச்சே, ஒரு தடவையாவது முறைப்படி வழியனுப்பினோமா, அதனாலதான் பாதியில திரும்புதுன்னு என் மனசுல ஒரு எண்ணம். கெளம்புற அன்னிக்குக் காலையில, தெருவே வந்து நிக்க, சீனியைக் கூடையில வச்சு, ஈரத்துணி போத்தி, பெல்ட்டு மாட்டி, தம்பி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்ட நேரம், நான் நல்ல முத்தின காயா ஒண்ணை எடுத்து, மேல கற்பூரத்தைக் கொளுத்தி, காரை மூணு சுத்துச் சுத்தி, "மகராசனாப் போயிட்டு வா"ன்னு முன்சக்கரத்துக்கு முன்னாடி இருந்த பலத்தையெல்லாம் சேத்து அடிச்சேன் பாருங்க, வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். சில்லு நாலாபக்கமும் தெறிச்சுச்சு, பொறுக்க எல்லாரும் குனிஞ்சாக. அப்புறம்தான் எனக்கு அந்த ரெண்டு கோடு ஞாபகம் வந்துச்சு. யாத்தே, கொன்னுட்டேனேன்னு கதவைத் திறந்தா கூடையில போத்தின துணி இல்ல, முயலும் இல்ல. பின்சீட்டு நடுவுல, ஒரு சொம்பு நுழையுற அளவுக்கு வட்டமா ஒரு வளை. சுத்தி ஈரக் கரிசல் மண்ணு குமிஞ்சு கிடந்துச்சு. எங்க ஊருல மழை பேஞ்சு ஆறு மாசம் ஆகியிருந்துச்சு.

ரபீக்கு துண்டை விரிச்சுக் காருக்கு அடியில படுத்துப் பாத்துட்டு, "அடியில தகரம் தகரமாத்தான்க்கா இருக்கு, ஒரு கீறல் கூட இல்ல"ன்னு எந்திரிச்சான். நான் என் இஞ்சு டேப்பை விட்டேன், முழுசா இறங்கிருச்சு. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் கெணத்துக் கயிறைக் கொண்டாந்துச்சு, அதுவும் இறங்கிருச்சு. தம்பி தன்னோட செப்புக் கம்பியில ஒரு நட்டைக் கட்டி ஒரு உருளை முழுக்க விட்டுப் பாத்துச்சு, அந்த நட்டு எங்கயும் தட்டவே இல்ல. வளை ரொம்ப ஆழமாத்தான் போகுது போலன்னு சொல்லிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போயிட்டாக. கொஞ்சம் கழிச்சு, தெரு அடங்கின பெறகு, சீனி மெல்ல வெளிய வந்து, தம்பி வச்ச அறுகம்புல்லைத் தின்னுட்டு, தூரத்துல ஒரு பைக் சத்தம் கேட்டதும் திரும்ப உள்ள போயிருச்சு. எனக்கு அப்பத்தான் உயிரே வந்துச்சு.

வளை எப்படி வந்துச்சுன்னு ரெண்டு நாள் பேசினோம். மூணாம் நாள்ல இருந்து வேற பேச்சு. ஏன்னா அந்த வளையில இருந்து காத்து வந்துச்சு. கத்திரி வெயில்ல தார் உருகி ஓடுற எங்க தெருவுல, ஏசி கெட்டுப்போன அந்த ஓட்டைக் காருக்குள்ள, அப்பத்தான் மழை நின்ன வயக்காட்டுக் காத்து கணக்கா, மண்வாசத்தோட, ஜில்லுன்னு ஒரு காத்து. மொதல்ல வள்ளித்தாய் மோர்ப்பானையைக் கொண்டாந்து வச்சுச்சு, புளிக்காம இருக்கட்டும்னு. அப்புறம் வேர்க்குரு வந்த கைப்புள்ளைகளைத் தூக்கிட்டு வந்தாக. அப்புறம் நெறமாசக்காரி ஒருத்தி மத்தியானம் காலை நீட்டி உக்காந்துட்டுப் போனா. ஒரு வாரத்துக்குள்ள யாரு எந்த நேரம் உக்காரணும்னு முறை போட்டு, சாக்பீஸால தம்பி வீட்டுக் கதவுல எழுதி வச்சுட்டோம். செருப்பைக் கழட்டிட்டு ஏறணும், சத்தம் போட்டுப் பேசக் கூடாது, கதவை அறையக் கூடாது, வர்றவங்க வெறுங்கையோட வராம ஒரு பிடி புல்லு கொண்டாரணும். நகராட்சியில இருந்து ஒருத்தர் வந்து, "போர் போட்டிருக்கீங்களாமே, அனுமதி இருக்கா?"ன்னு கேட்டாரு. பின்சீட்டைக் காட்டினோம். எட்டிப் பாத்துட்டு, "வண்டி நகர்ந்தா போரும் நகருமே, இதை எந்தச் சர்வே நம்பர்ல எழுதுறது?"ன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு. யோசிக்கிறதுக்கு உள்ள உக்காந்தவரு அரைமணி நேரம் கண்ணசந்துட்டு, முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, எதுவும் எழுதாமப் போயிட்டாரு.

எனக்கு ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் முறை. ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறதை அங்க வச்சுத்தான் பாப்பேன். முன்சீட்டுல தம்பி எப்பவும் இருக்கும். வர்றவங்களுக்குச் சொம்புல தண்ணி எடுத்து நீட்டும், கைப்புள்ளைக்கு விசிறும், "பொறுமையா இறங்குங்க மதினி"ன்னு வள்ளித்தாய்கிட்டச் சொல்லும். மூணு வருசமா அந்த வீட்டு வாசப்படியை என்னைத் தவிர ஒரு ஆள் மிதிச்சதில்ல, இப்ப அதோட கார்ல ஆளு ஒழியல. ஒரு நாள் அந்தத் தம்பி சிரிச்சதைப் பாத்தேன். பல்லு தெரிய, எவனோ எதுக்கோ சொன்ன பகடிக்கு. நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். ஆனா அடுத்த நாள், அதுக்கு அடுத்த நாள், "எப்பத் தம்பி கெளம்புற?"ன்னு கேட்டா, "சீனி இன்னும் மெரண்டுதான்க்கா இருக்கு, நாளைக்குப் போலாம்"னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. சீனி மெரளவே இல்ல. வளை வாசல்ல தாடையை வச்சுப் படுத்துக்கிட்டுப் பல்லை நறநறன்னு தேச்சுக்கிட்டுச் சொகமா இருந்துச்சு. மே மாசம் இருபத்தொன்பது ஆச்சு. ஜூன் ரெண்டாம் தேதி ஸ்கூல்.

அன்னிக்கு என் முறை முடிஞ்சும் நான் இறங்கல.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. முயலுக்குப் பயமா, உனக்குப் பயமா?"

தம்பி ஸ்டியரிங்ல ஒட்டியிருந்த மண்ணை நகத்தால சொரண்டிக்கிட்டு இருந்துச்சு.

"உனக்கு ஆளு வேணும்யா, எனக்குத் தெரியாதா? தனியாக் கிடந்து தனியாச் சாப்பிடுறவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு? அதுக்காக அந்தப் புள்ளை வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

"முயலைக் குடுத்துட்டா காத்து போயிரும்க்கா"ன்னு சொல்லுச்சு. விரல்ல இருந்த மண்ணைத் தட்டி விட்டுக்கிட்டே, "காத்து போனா நீங்கல்லாம் போயிருவீங்க."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அதை மறைக்கக் கோவமாப் பேசினேன். "போனாப் போறோம், போ! நாளன்னிக்கு விடியக்காலம் கெளம்புறோம். பின்சீட்டுல நான் வர்றேன். ஓசூரு வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம்." நான் வாயை மூடுறேன்னு சொன்னதைக் கேட்டுத் தெருவே ஆச்சரியப்பட்டுச்சு, வளைக்குக் கூட அப்படி யாரும் ஆச்சரியப்படல.

முப்பத்தொண்ணாந் தேதி விடிஞ்சும் விடியாம எல்லாரும் வந்தாக. தேங்காய் இல்ல, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் இல்ல, கற்பூரம் இல்ல. இஞ்சின் சத்தம் வளைக்குள்ள பழகாத சத்தம்னு சொல்லி, ரபீக்கு கியரை நியூட்ரல்ல போட வச்சு, ஆம்பளைக பொம்பளைக எல்லாரும் காரைப் பின்னாடி இருந்து தள்ளினாக. செருப்பில்லாம, மூச்சுச் சத்தம் கூடக் கேக்காம, ஒரு தேரை நிலையில இருந்து எடுக்குற பதனத்துல, தெருமுனை தாண்டி, தண்ணித்தொட்டி தாண்டி, மெயின்ரோடு வரைக்கும் தள்ளிக் கொண்டுவந்து விட்டாக. இத்தனைக்கும் அந்தக் காரு போயிட்டா நாளைக்கு உக்காரக் குளுகுளுன்னு எடம் கிடையாதுன்னு அத்தனை பேருக்கும் தெரியும். வள்ளித்தாய் மோர்ப்பானையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு ஓரமா நின்னுச்சு. தம்பி திரும்பிப் பாத்துச்சு, கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டுச் சாவியைத் திருகுச்சு.

வளை பக்கத்துல நான் உக்காந்திருந்தேன், மடியில ஈரச்சாக்குல சுத்தின புல்லு. மதுரை தாண்டுற வரைக்கும் சீனி வெளிய வரல. திண்டுக்கல்ல நிறுத்தித் தண்ணியைத் தட்டுல ஊத்தி வளை வாசல்ல வச்சோம், மீசை மட்டும் வெளிய வந்து நனைச்சுக்கிட்டுப் போச்சு. கரூருக்குப் பக்கத்துல லாரிக்காரன் ஒருத்தன் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடிச்சான், உள்ள எங்கயோ ரொம்ப ஆழத்துல பின்னங்காலால பூமியைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு, டம், டம்னு. நான் அவனை வஞ்ச வசவெல்லாம் தொண்டைக்கு உள்ளயே வஞ்சேன், சத்தியம் பண்ணியிருந்தேனே. சேலம் தாண்டி, தொப்பூர் மேடு ஏறி, தர்மபுரியில வெயில் ஏற ஏற வெளிய அனல் அடிச்சுச்சு, எங்களுக்கு மட்டும் மார்கழி.

கிருஷ்ணகிரிக்கு வெளிய அந்தப் புளியமரம் வந்துச்சு. நான் பாத்ததில்ல, ஆனா தம்பி காரை ஓரங்கட்டின விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. இஞ்சினை அமத்துச்சு. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு உக்காந்துச்சு. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், இருபது நிமிசம். எதுத்தாப்புல கொஞ்ச தூரத்துல ரோட்டு நடுவுல வண்டி திருப்புற எடம். அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு உள்ள கொதிச்சுச்சு. "நீயெல்லாம் ஒரு அப்பனா, எடுய்யா வண்டியை"ன்னு கத்தணும், முதுகுல நாலு வைக்கணும். ஆனா சீனி அப்பப் பாத்து வளையை விட்டு முக்கால் உடம்பு வெளிய வந்து, என் தொடையில தாடையை வச்சுப் படுத்திருந்துச்சு. அதோட நெஞ்சு என் சேலை மேல படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வாயைத் திறந்தா அது நின்னுபோகும். என் ஆயுசுல வாயை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டது அந்த இருபது நிமிசம்தான். அப்பத்தான் முன்சீட்டுல இருக்குற மனுசன் நெஞ்சும் அதே மாதிரிதான் அடிச்சுக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. பாவம்னு இருந்துச்சு. நான் சீனியோட முதுகை மட்டும் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். யாரும் அதட்டல, யாரும் இழுக்கல. தம்பி மூக்கை உறிஞ்சுக்கிட்டு, சாவியைத் திருகி, திருப்புற எடத்தைத் தாண்டி நேராப் போச்சு.

ஓசூர்ல அது ஒரு அப்பார்ட்மெண்டு. போன் பண்ணினோம். புள்ளை மட்டும் எறங்கி வந்துச்சு. மூணு வருசத்துல எவ்வளவு வளந்துருச்சு, அப்பனோட தோளுக்கு வந்துருச்சு. மேல பால்கனியில கௌசல்யா நின்னு என்னைப் பாத்துத் தலையாட்டுச்சு, எறங்கி வரல. புள்ளை அப்பனை நேராப் பாக்கல. பின்கதவைத் திறந்து வளையைப் பாத்துட்டு, "நல்லாத் தோண்டியிருக்கு"ன்னு சொல்லுச்சு, அவ்வளவுதான். பேரைச் சொல்லிக் கூப்பிடல, கையை உள்ள விடல. சீட்டுல குப்புறப் படுத்து, வளை வாசல்ல கன்னத்தை வச்சுக்கிட்டுச் சும்மா காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுவா வந்துச்சு சீனி. மொகந்து பாத்துச்சு. புள்ளை பின்னங்காலுக்கு அடியில கை குடுத்துத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிச்சு.

"மெலிஞ்சிருக்கு"ன்னு சொல்லுச்சு.

"வெயிலும்மா"ன்னு தம்பி சொல்லுச்சு.

"தேங்க்ஸ்ப்பா. பாத்துப் போங்க."

புள்ளை உள்ள போச்சு, இரும்புக் கேட்டு சாத்திக்கிச்சு. தம்பி கையைத் தூக்கி ஆட்டுச்சு, சாத்தின கேட்டைப் பாத்து. மூணு வருசமாத் திரும்பி வந்த மனுசன் ஒருவழியாப் போய்ச் சேந்தும், அஞ்சு நிமிசம் கூட நிக்கல அந்தச் சந்திப்பு. திரும்புற வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வந்தேன், என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது. வளையில காத்து நின்னுபோச்சு. தொப்பூர் எறக்கத்துல காருக்குள்ள அனலாப் பறந்துச்சு.

தெருவுல ரெண்டு நாள் வந்து வந்து பாத்தாக. "காத்து வருதா?"ன்னு கேட்டுட்டு, சீட்டுல கையை வச்சுப் பாத்துட்டுப் போனாக. மூணாம் நாள் யாரும் வரல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, வெயில்ல காருக்குள்ள உக்கார எவனுக்குத் தலையெழுத்து? கதவுல எழுதின முறையெல்லாம் வேர்வைக் கை பட்டு அழிஞ்சுபோச்சு. தம்பி பழையபடி கம்பியைச் சுத்த ஆரம்பிச்சுச்சு. நான் ஊசி நூலோட போய், "சீட்டைத் தச்சுக் குடுத்துரவா?"ன்னு கேட்டேன். "வேணாம்க்கா"ன்னு சொல்லிருச்சு. தெனமும் காலையில ஒரு பிடி அறுகம்புல்லைப் பறிச்சு வளை வாசல்ல வைக்கும், சாயங்காலம் அது காஞ்சு சருகாக் கிடக்கும், எடுத்துப் போட்டுட்டு மறுநாள் புதுசா வைக்கும். "லூசாய்யா நீ?"ன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல. பதினோரு நாள் இப்படி.

பன்னெண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும், தம்பி என் வாசல்ல வந்து நின்னுச்சு. வாயில வெரலை வச்சுக் கூப்பிட்டுச்சு. போனேன். புல்லைக் காணோம். வளையில இருந்து காத்து வந்துச்சு, லேசா; ஆனா மண்வாசம் இல்ல. பினாயில் போட்டுத் தொடச்ச தரையும், தேங்காயெண்ணெயும், தாளிச்ச சாம்பாரும் கலந்து ஒரு வீட்டு வாசம். அப்புறம் ரொம்ப ரொம்பத் தூரத்துல இருந்து, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி, அந்தப் புள்ளையோட குரல்; ஓசூர்லயும் சீனி ஒரு வளை தோண்டியிருக்கும் போல.

"அங்கதான் போயிட்டு வந்தியா சீனி? யாரு புல்லு குடுத்தா?" சீனி என்ன சொல்லும்? புள்ளையே பேசிக்கிச்சு. "அவங்க வந்தாங்க, பாத்தியா. நெஜமாவே வந்தாங்க. நான்தான் ஒண்ணும் பேசல. என்ன பேசுறதுன்னு தெரியல சீனி."

அப்பனோட மக தான், சந்தேகமே வேணாம்.

நான் தம்பியோட கையைப் புடிச்சு, பேசு, பேசுன்னு ஜாடை காட்டினேன். அது மாட்டேன்னு தலையை ஆட்டிருச்சு. வளைகிட்ட வாயைக் கொண்டுபோகல, காதை மட்டும் வச்சுச்சு. எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம்தான் பின்சீட்டுல குப்புறப் படுத்துக் காத்துக்கிட்டு இருந்த அந்தப் புள்ளை ஞாபகம் வந்துச்சு. கூப்பிட்டா மெரளும், கையை விட்டு இழுத்தா இன்னும் ஆழத்துக்குப் போயிரும். புல்லை வச்சுட்டுப் பொறுமையா இருக்கணும்.

மறுநாளும் நாலு மணிக்குக் குரல் வந்துச்சு, ஸ்கூல் விட்டு வந்த நேரம். அதுக்கு மறுநாளும். கணக்கு டீச்சர் திட்டினது, பக்கத்துப் பெஞ்சுக்காரி பேசாதது, அம்மாவுக்கு நைட் ஷிப்டு மாத்தினது எல்லாம் சீனிகிட்டச் சொல்லும். நான் தெருவுல ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னேன், அந்தப் புள்ளை என்ன பேசுதுன்னு இல்ல, பேசுதுன்னு மட்டும். காத்து வராதான்னு ஒருத்தரு கூடக் கேக்கல. ரபீக்கு சுத்தியலைக் கீழ போட்டான். மீன்காரரு வண்டியை விட்டு எறங்கினாரு. தெருமுனையில வள்ளித்தாய் ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வர்ற வண்டியையெல்லாம் கையைக் காட்டி அமத்தச் சொல்லுச்சு. நாலுல இருந்து நாலரை வரைக்கும் பாவடித் தெருவே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.

ஆடி பொறந்து மூணாவது நாள்னு நெனைக்கிறேன். நான் முன்சீட்டுல கொக்கி தச்சுக்கிட்டு இருந்தேன், தம்பி பின்சீட்டுல வளை பக்கத்துல தலையைச் சாய்ச்சிருந்துச்சு. அந்தப் பக்கம் புள்ளை ரொம்ப நேரம் பேசாம இருந்துச்சு. அப்புறம் குரல் கிட்டத்துல வந்துச்சு, வாயை வளையிலயே வச்ச மாதிரி.

"அப்பா. இருக்கியா?"

தம்பி காதை எடுத்துட்டு, மொதத் தடவையா வாயை வளைகிட்டக் கொண்டுபோச்சு. நான் ஊசியைத் துணியில குத்திட்டு, சத்தமில்லாம எறங்கினேன். அது அப்பனுக்கும் மகளுக்கும் உள்ளது, நமக்கு அங்க என்ன வேலை? கதவைச் சாத்துனா சத்தம் கேக்கும்னு சும்மா ஒட்டி மட்டும் வச்சேன். தெருவுல ஒரு ஈ காக்கா பறக்கல. அதனால நான் வேணாம்னாலும் அந்த ஒத்தை வார்த்தை என் காதுல விழுந்துருச்சு.

"இருக்கேன்."

நான் என் வீட்டுக்கு வந்து மிசின் முன்னாடி உக்காந்தேன். மிதிக்கல. நாலரைக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. ஒன்பது வருசமா இந்த வீட்டுக்குள்ள நான் பேசாத பேச்சில்ல, மிசினோட, கத்திரிக்கோலோட, அடுப்போட. ஒரு நாளாவது யாராவது அந்த ஒரு வார்த்தையை என்கிட்டத் திருப்பிச் சொன்னா என்னன்னு இருந்துச்சு.